பேர் எழுதாத குப்பி

மழை விடாமல் பெய்தால் எல்லோரும் முதலில் மழையைத் திட்டுவார்கள். அதுவும் அலுத்துப்போனால் என் பக்கத்துக் கடைக்காரரைத் திட்டுவார்கள். வானத்தை மூடி வைத்தவர் அவர்தான் என்பதுபோல வந்து நின்று கத்துவார்கள்.

அவருடையது சலவைக் கடை. என்னுடையது தையல் கடை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே தும்மினால் இங்கே ஊசி நகரும். தெருவில் அவருக்குப் பேர் வெள்ளைக்காரர். ஆள் நல்ல கறுப்பு. ஊர்த் துணியை எல்லாம் வெள்ளையாக்கித் தருகிறவர் என்பதால் யாரோ கிண்டலுக்கு வைத்த பேர், அதுவே நிலைத்துவிட்டது. நான் அவரை அண்ணே என்பேன். அவர் மனைவியை அண்ணி என்பேன். சொந்தம் எதுவும் கிடையாது. சுவர் ஒன்றாக இருந்தால் சொந்தம் தானாக வந்துவிடுகிறது.

அந்த மழையிலும் அப்படித்தான். ஈரத் துணி கடைக்குள்ளேயே கொடி கட்டித் தொங்கியது. அதுவும் போதாமல் என் கடைக்குள்ளும் ஒரு கொடி வந்தது. யாருடைய கால்சட்டையோ என் தலையில் சொட்டிக்கொண்டே இருந்தது.

"என்ன வெள்ளைக்காரரே, என் சட்டை எப்ப வரும்? வெயில் வந்தப்புறமா, இல்ல நான் போய்ச் சேந்தப்புறமா?" என்று வாசலில் ஒருவர் கேட்டார்.

"ரெண்டுல எது முன்னாடி வருதோ, அன்னைக்கு வரும்" என்றார் அண்ணன். அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. கேட்டவர்தான் சிரித்துக்கொண்டு போவார்.

உள்ளே தொட்டியடியில் அண்ணி. சலவைச் சோடாவிலும் சோப்பிலும் ஊறி ஊறி அண்ணியின் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். மெஷின் வந்த பிறகும் காலரையும் கைப்பட்டியையும் அவர் கையால்தான் தேய்ப்பார். மெஷினுக்குக் கண் இல்லை என்பார். அவர்களுடைய சின்னவனுக்கு ஆறு வயது. துணி காயப்போடும்போது கிளிப்பை எடுத்துக் கொடுக்கும் வேலை அவனுடையது. நான் அவனைக் கிளிப்பு மந்திரி என்பேன். கிளிப்பு டப்பாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவன் நடப்பதைப் பார்த்தால் உண்மையிலேயே ஏதோ பதவி வந்தவன் மாதிரி இருக்கும்.

மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில், மொட்டை மாடிக்குத் துணி கொண்டு போனார்கள். நானும் என் பங்குக்கு ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். படியில் மந்திரி விழுந்தான். கிளிப்பெல்லாம் சிதறிப் படிப்படியாகக் குதித்து இறங்கியது. பிள்ளைகள் விழுவது ஒன்றும் புதிதில்லை. "எந்திரிடா மந்திரி, ராஜினாமா பண்ணிட்டியா?" என்றேன்.

அவன் எழுந்தான். எழுந்த விதம்தான் என் வாயை அடைத்தது. முதலில் கையைத் தரையில் ஊன்றினான். பிறகு முழங்காலைப் பிடித்தான். பிறகு தொடையைப் பிடித்து, தன் மேலேயே தான் ஏறுகிறவனைப்போல, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தான்.

அவனுக்கு மூத்தவனும் அந்த வயதில் அப்படித்தான் எழுந்திருப்பான்.

அண்ணி மேல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பிலிருந்த ஈரத் துணி அவர் புடவையை நனைத்தது. இறங்கி வந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அண்ணனும் பார்த்திருக்கிறார் என்பது அவர் அன்றைக்கு இஸ்திரிப் பெட்டியை வைத்த இடத்தில் மறந்து, யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டையைத் தீய்த்தபோது எனக்குத் தெரிந்தது. அத்தனை வருஷத்தில் அவர் தீய்த்து நான் பார்த்ததே இல்லை.

பெரியவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. தசை வியாதி. சின்ன வயதில் விழ ஆரம்பித்தான், பள்ளிக்கூடம் போகும் வயதில் நடை நின்றது, பிறகு சக்கர நாற்காலி. சின்னவனை அண்ணி சுமந்தபோது இது தாய் வயிற்று வழியாக வருகிற வியாதி என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பெரியவன் உட்கார்ந்த இடத்திலிருந்து அந்தக் கடையையே நடத்தினான். சலவைத் தொழிலில் வெளுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, எந்தத் துணி யாருடையது என்று மாறாமல் பார்த்துக்கொள்வது. வீட்டுக்கு ஒரு குறி உண்டு. காலரின் உள்பக்கம், கால்சட்டைப் பட்டியில், போர்வை மூலையில், எத்தனை தடவை வெளுத்தாலும் போகாத கறுப்பு மசியால் போடுவார்கள். ஒருவருக்கு மூன்று கோடு, ஒருவருக்குப் பெருக்கல் குறி, ஒருவருக்கு மீன் முள் மாதிரி. அதைப் போடுகிற வேலை பெரியவனுடையது. வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்ததும் குறியைச் சொல்வான். "டைலரக்கா, அந்தப் போஸ்ட்மாஸ்டர் மூஞ்சி எப்பவும் சிடுசிடுன்னு இருக்கா, அதான் அவருக்கு ரெண்டு புருவத்தைக் குறியா போட்டுட்டேன்" என்பான். இன்றைக்கும் இந்த ஊரில் பாதிப்பேர் கழுத்துக்குப் பின்னால் அவன் கையெழுத்தைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள், அவர்களுக்கே தெரியாது.

தன் துணிக்கு அவன் போட்டுக்கொண்டது ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும். "சக்கரம்க்கா. என் வண்டிச் சக்கரம்" என்று சொல்லிச் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சின்னவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், பிறகு தொடைச் சதையில் துளி எடுத்தார்கள். முடிவு சொல்லக் கூப்பிட்ட அன்றைக்கு அண்ணி என் கடை வாசலில் வந்து நின்றார்.

"நீயும் வாயேன். இவரு அங்க போனா வாயே தொறக்க மாட்டாரு. எனக்குப் பேச வராது. நீ பேசுனா அவங்க பதில் சொல்லித்தான் ஆகணும்."

என் வாய்க்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று நான் நினைத்ததில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

அந்த டாக்டர் அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜையில் அதையே தேடிக்கொண்டிருந்தார். சளி பிடித்திருந்தது. அண்ணன் அவருடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்து, "கஞ்சி ஜாஸ்தி" என்று என் காதில் சொன்னார். பயம் வந்தால் அவருக்குத் தொழில் பேச்சுதான் வரும்.

"ரத்தத்துல ஒரு மாற்றம் தெரியுதுங்கய்யா" என்றார் டாக்டர். "தசைக்கு வேண்டிய சத்தை உண்டாக்குற ஜீன்ல ஒரு எழுத்து மாறியிருக்கு. ஆனா இந்த மாற்றத்தை இதுக்கு முன்னாடி யாருகிட்டயும் பாத்ததில்ல. வியாதிக்குக் காரணம் இதுதானா, இல்ல இது பாட்டுக்கு சும்மா கூட வந்திருக்கான்னு அடிச்சுச் சொல்ல முடியல. தொடைச் சதையில பாத்ததும் ரெண்டுங்கெட்டானா வந்திருக்கு."

"சொல்லிட்டா என்ன, சொல்லலைன்னா என்ன?" என்றேன். "வைத்தியம் ஒண்ணுதானே?"

"இல்லம்மா. வெளிநாட்டுல ஒரு மருந்தைச் சோதிச்சுப் பாக்குறாங்க. நடந்துக்கிட்டிருக்கிற பிள்ளைங்களுக்குக் குடுத்தா, நடை போறது பல வருஷம் தள்ளிப்போகும்னு நம்புறாங்க. காரணம் இதுதான்னு நிரூபிச்சாத்தான் பிள்ளையைச் சேத்துப்பாங்க. சீக்கிரத்துல ஆள் சேக்குறதை நிறுத்திடுவாங்க. அதனாலதான் கேக்குறேன். இந்த வியாதி உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சா?"

"இல்லீங்க" என்றார் அண்ணன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாயில் தயாராக நின்ற பதில். அண்ணி திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு பேச வராத அந்த மனுஷி பேசினார்.

"எங்க பெரியவன் இதுலதான் போனான். உங்களுக்கே தெரியும். நீங்கதானே அவன் தொடையில கத்தி வெச்சீங்க."

டாக்டர் தலையிலிருந்த கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்தார். "தெரியும்மா. ஆனா நீங்களா சொல்லாம நான் வாயத் தொறக்கக் கூடாது. அது நான் உங்களுக்குக் குடுத்த வாக்கு."

"அப்ப அவன் சதை இங்கதானே இருக்கு? அதை எடுத்துப் பாருங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மாற்றமா இருந்தா இதுதான் காரணம்னு ஆயிடும்ல?"

"ஆயிடும்."

"அப்புறம் என்ன?"

"அவன் சதை இருக்கும்மா. எதுன்னுதான் தெரியாது."

அதைச் சொல்லும்போது அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது அவருடைய நல்ல மனசு. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். பெரியவனுக்குப் பதினெட்டு முடிந்தபோது, ஆராய்ச்சிக்காக ரத்தமும் சதையும் தருகிறாயா என்று இதே டாக்டர் கேட்டார். அவன் உடனே சரி என்றான். "இந்த உடம்பு எனக்குத்தான் உதவல, வேற எவனுக்காவது உதவட்டும்" என்று என்னிடமே சொன்னான். அண்ணனுக்கு மட்டும் உதறல். சலவைக் கடைக்காரர் வீட்டில் வியாதி என்றால் யார் துணி போடுவார்கள்? ஏற்கெனவே இரண்டு வீடுகள் பேசாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தன. இது ஒட்டுகிற வியாதி இல்லை என்று கடை வாசலில் நின்று எத்தனை பேருக்குப் பாடம் நடத்துவது? இரண்டு பையன்களுக்கும் நடுவில் பிறந்த பெண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டும்.

அதனால் பேர் வேண்டாம் என்றார் அண்ணன். பேரை மறைத்து ஒரு எண் போட்டு, எந்த எண் யார் என்பதைப் பூட்டி வைப்போம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பூட்டியதை யாராவது திறந்துவிடுவார்கள் என்றார் இவர். அப்படியானால் எண்ணுக்கும் ஆளுக்கும் தொடர்பே இல்லாமல் அழித்துவிடலாம், ஆனால் பிற்பாடு நீங்கள் வந்து கேட்டாலும் எங்களால் எதுவும் சொல்ல முடியாது என்று எச்சரித்திருக்கிறார் டாக்டர். "சொல்லவே வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தார் அண்ணன். பெரியவன் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, அப்படியே செய்யுங்கள் என்றானாம்.

வாழ்நாள் முழுக்க ஊர்த் துணிக்கெல்லாம் குறி போட்டுப் பிழைத்தவர், பெற்ற பிள்ளையின் குறியைத் தானே அழிக்கச் சொல்லிவிட்டு வந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் அந்த நாற்காலியில் குறுகி உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தபோது அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"தேட முடியாதுங்களா?" என்று கடைசியில் கேட்டார். "குறி அழிஞ்ச துணி எங்ககிட்டயும் வரும். நாங்க தூக்கியா போடுறோம்? தையலைப் பாப்போம், பொத்தானைப் பாப்போம், வாடையைப் பாப்போம். கண்டுபுடிச்சுக் கொண்டுபோய்க் குடுப்போம்."

"முடியும்" என்றார் டாக்டர் மெதுவாக. "அம்மா ரத்தத்தை வெச்சுக்கிட்டு, சதைக் குப்பியெல்லாம் வெச்சிருக்கிற ஃப்ரீசர்ல இருக்கிற எல்லாத்தோடயும் ஒப்பிட்டா, எது இவங்க பிள்ளைன்னு அதுவே காட்டிக்குடுத்துடும்."

அண்ணி எழுந்தே விட்டார். கையை நீட்டி, புடவைத் தலைப்பைத் தோளுக்குத் தள்ளி, "எடுத்துக்குங்க" என்றார். சோடாவில் வெளுத்த அந்தக் கை மேஜைக்கு மேல் நீண்டபடியே இருந்தது.

"உக்காருங்கம்மா. நான் முழுசாச் சொல்லிடுறேன். அங்க இருக்கிறது உங்க பிள்ளையோடது மட்டும் இல்ல. நெறயப் பேரோடது இருக்கு. அவங்களும் உங்கள மாதிரியே பயந்து, எந்தக் காலத்துலயும் நாங்க யாருன்னு தேடக்கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டுத்தான் குடுத்தாங்க. உங்க பிள்ளையைத் தேடணும்னா எல்லாரையும் தொறந்து பாக்கணும். அந்த வாக்கை உடைக்கிற அதிகாரம் எனக்கு இல்ல. கமிட்டி இருக்கு, கேக்குறேன். நானே எழுதிக் கேக்குறேன்."

"பிள்ளை நடக்க முடியாமப் போகப்போறான், கமிட்டியாம் கமிட்டி" என்றேன் நான். என்னைக் கூட்டிக்கொண்டு போனதே அதற்குத்தானே.

"நீங்க திட்டுறது நியாயம்தாம்மா" என்றார் அவர். "ஆனா இப்ப உங்களுக்காகத் தொறந்தேன்னா, நாளைக்கு வேற ஒரு அப்பா குடுக்க வரும்போது நான் என்ன சொல்லி வாங்குறது?"

எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

கமிட்டி கூடும்வரை மழை ஓயவே இல்லை. கடைக்குள் கரியடுப்பு மூட்டித் துணியை உலர்த்தினார்கள். புகையும் ஈர வாடையும் சுவரைத் தாண்டி என் கடை வரைக்கும் வந்தன. மந்திரியை மாடிக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் தரையில் உட்கார்ந்து கிளிப்புகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தான். அவ்வப்போது எழுந்து பார்ப்பான். அவன் எழும் ஒவ்வொரு தடவையும் தொட்டியடியில் தேய்க்கும் சத்தம் நிற்கும். அவன் நிமிர்ந்த பிறகுதான் மறுபடி கேட்கும்.

ஒரு நாள் மதியம் டாக்டரே வந்துவிட்டார். குடையை மடக்கிக்கொண்டு, தொங்கும் துணிகளுக்குள் குனிந்து குனிந்து நுழைந்தார். அண்ணன் பதறிப்போய் இஸ்திரி மேஜைக்குப் பக்கத்திலிருந்த முக்காலியைத் துடைத்துப் போட்டார். நான் டீ வாங்கி வந்து கொடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் நம்மைக் கூப்பிட்டுத்தான் சொல்வார்கள், தேடி வந்து சொல்ல மாட்டார்கள். வந்திருக்கிறார் என்றால் என்ன செய்தி என்று புரிந்துவிட்டது. அண்ணிக்கும் புரிந்திருக்க வேண்டும். கையைத் துடைக்காமல் சோப்பு நுரையோடேயே வந்து நின்றார்.

"முடியாதுன்னுட்டாங்க" என்றார் டாக்டர். "அதுல பாதிக் குப்பி வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போயிருக்கு. யாருன்னு தேட மாட்டோம்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டுத்தான் அனுப்பியிருக்கோம். என்னால முடிஞ்சவரைக்கும் பேசிப் பாத்தேங்கய்யா."

அண்ணன் தலையாட்டினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"அந்த வாக்கைக் கேட்டு வாங்குனது நான்தானுங்களே" என்றார். "நான் கேட்டப்ப இனிச்சுது."

"இன்னும் ஒரு வழி இருக்கு. அதுக்குத்தான் நானே வந்தேன்." டாக்டர் பைக்குள்ளிருந்து கையுறையும் சில காகித உறைகளும் எடுத்தார். "அவன் உடம்புல பட்டது ஏதாவது வெச்சிருக்கீங்களா? முடி ஒட்டுன சீப்பு. பல் தேய்ச்ச பிரஷ். விழுந்த பல். துவைக்காத சட்டை, தலையணை உறை, எதுவா இருந்தாலும் சரி. வேர்வைக் கறை, ரத்தக் கறை போதும். எல்லா வீட்டுலயும் ஒண்ணு கெடைக்கும். அம்மாக்கள் துவைக்காம எடுத்து வெச்சிருப்பாங்க."

துவைக்காமல்.

அந்த வார்த்தையைக் கேட்டு அண்ணியும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் அந்தப் பார்வையை வாழ்நாளில் மறக்க மாட்டேன். பிறகு அண்ணி உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேஜைமேல் வைத்து அவிழ்த்தார்.

பெரியவனின் சட்டைகள், கால்சட்டைகள், போர்வை, தலையணை உறை. எல்லாம் வெள்ளை வெளேரென்று, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, விளிம்புக்கு விளிம்பு சேர்த்து மடித்து. கடையில் வாங்கியதுபோல. ஒவ்வொரு காலரிலும் வட்டமும் புள்ளியும் பளிச்சென்று இருந்தன.

"அவனை எரிச்சுட்டு வந்த மறுநாளே எல்லாத்தையும் வெள்ளாவி வெச்சு அவிச்சோம்" என்றார் அண்ணன். "கடைசியில ரொம்ப வேத்துச்சு அவனுக்கு. வாந்தி எடுத்தான். அவன் துணி அழுக்கா கெடக்கக் கூடாதுன்னு... ரெண்டு தடவை வெச்சோம்."

"சீப்பு?" என்றார் டாக்டர்.

"சோடாத் தண்ணியில ஊறப்போட்டுக் கழுவிட்டேன். சின்னவன்தான் அதுல இப்ப தலை சீவிக்கிறான்" என்றார் அண்ணி.

"பல் தேய்க்கிற பிரஷ்?"

அண்ணி தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார். "அதை வெச்சுத்தான் காலர் தேய்ச்சேன். தேஞ்சு போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

தலையணையையும் சக்கர நாற்காலியையும், நன்றாகக் கழுவி, ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிட்டார்களாம். டாக்டர் ஒவ்வொரு சட்டையையும் விரித்துக் கக்கத்தையும் காலரையும் வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்துவிட்டு, எப்படி இருந்ததோ அப்படியே மடிக்க முயன்றார். வரவில்லை. அண்ணன் வாங்கி மடித்தார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. என் கடையில் ஒரு சட்டை இருக்கிறது! இறப்பதற்குச் சில நாள் முன்னால், நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான் பெரியவன். "இளைச்சுட்டேன்க்கா, உள்ள காத்து போயிட்டு வருது. பக்கத்துல கொஞ்சம் புடிச்சுத் தைங்க." உடம்புச் சூடு ஆறாமல் வாங்கி வைத்தேன். தைக்கவில்லை. அதற்குள் அவன் போய்விட்டான். அதைத் திருப்பிக் கொடுக்கவும் கை வரவில்லை. யாரும் வாங்க வராத துணி மூட்டையின் அடியில் போட்டு வைத்தேன். தையல்காரி துணியைத் துவைக்க மாட்டாள்.

"இருக்கு டாக்டரம்மா! என்கிட்ட ஒண்ணு இருக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பின்னாலிருந்து அண்ணன், "தங்கச்சி, வேணாம், நில்லு" என்றது காதில் விழுந்தது. நான் நிற்கவில்லை.

மூட்டையை இழுத்துப்போட்டு அவிழ்த்தேன். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே ஓடி வந்தார். சத்தம் கேட்டு மந்திரியும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். அடியில் இருந்தது நீலக் கட்டம். தொடாமல் விலகி, அவரை எடுக்கச் சொன்னேன். அவர் எடுத்தார்.

எடுத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கை மடிப்பு உள்ளே போய், பொத்தான் வரிசை நடுவில் வந்து, காலர் நிமிர்ந்து நின்றது. இந்த ஊரில் ஒரே ஒருவர்தான் அப்படி மடிப்பார். கஞ்சி வாடை அடித்தது. காலரின் உள்ளே வட்டமும் புள்ளியும்.

அண்ணன் வாசலில் வந்து நின்றார். மழையில் நனைந்துகொண்டே நின்றார்.

"போன மழைக்கு உன் கடை ஒழுகுச்சே தங்கச்சி. நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்த. மூட்டை பூஞ்சை புடிச்சுக் கெடந்துச்சு. ஊர்க்காரங்க துணியாச்சே, கெட்டுப்போனா உன்னைத்தானே திட்டுவாங்கன்னு எடுத்துட்டுப் போய்த் துவைச்சேன்." மூச்சு வாங்கினார். "இந்தச் சட்டையைப் பாத்தேன். பாத்ததும் தெரிஞ்சுடுச்சு. இதை மட்டும் மெஷின்ல போடல. கையாலதான் துவைச்சேன். நல்லாத் தேய்ச்சுத் துவைச்சேன் தங்கச்சி."

சொல்லிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதார். பெரியவன் செத்த அன்றைக்குக்கூட அவர் இப்படி அழவில்லை. டாக்டர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். என்ன செய்வது என்று படித்தவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அண்ணி வந்து அந்தச் சட்டையை வாங்கினார். காலரைத் திருப்பிக் குறியைக் கட்டை விரலால் தடவினார்.

"அங்க அவன் இருக்கான், குறி இல்ல" என்றார். "இங்க குறி இருக்கு, அவன் இல்ல."

மந்திரி அப்பாவின் பக்கத்தில் போய் நின்று அவர் தலையில் விழுந்த மழையைக் கையால் வழித்துவிட்டான்.

அந்த வெளிநாட்டு மருந்துக்கு ஆள் சேர்ப்பது முடிந்துவிட்டது. நம் பிள்ளையைச் சேர்க்கவில்லை. இதெல்லாம் நடந்தும் வானம் என்னவோ வெளுத்தது. நல்ல வெயில் அடித்தது. மாடி நிறைய வெள்ளைத் துணி பறந்தது. அண்ணன் ஒரு காரியம் செய்தார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் போன் போட்டு, அவள் மாமனாரையும் கூப்பிடச் சொல்லி, மறைத்ததை எல்லாம் சொன்னார். அவளும் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஏச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, "ஆமாங்க, தப்புத்தாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைக்கு வந்தவர்களிடமும் சொன்னார். "என் பையனுக்குத் தசை வியாதி. பெரியவனும் அதுலதான் போனான். துணியில ஒட்டாது. மனசு கேக்கலைன்னா எடுத்துட்டுப் போங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்." சிலர் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுடையதையும் இஸ்திரி போட்டு, நூலால் கட்டித்தான் கொடுத்தார். சிடுமூஞ்சிப் போஸ்ட்மாஸ்டர் மட்டும் போகவில்லை. "எனக்கு வேற எவன்யா கஞ்சி சரியா போடுவான்?" என்று எரிந்து விழுந்துவிட்டு மூட்டையை வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு நாள் எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சின்னவனிடம் எடுத்த சதையில் மீதி இருந்தது. ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று தானாகவே போய்ச் சொன்னார்.

"வெளிநாட்டுக்கு அனுப்புங்க. யாரு கேட்டாலும் அனுப்புங்க. ஆனா பேர் போடணும். பையன் பேர், என் பேர், கடை, தெரு, எல்லாம்."

"அனுப்பும்போது நம்பர் மட்டும்தான் போகும்யா. அந்த நம்பர் யாருங்கிறது இங்க பூட்டியிருக்கும்."

"பூட்டுங்க. சாவியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. எம் பொண்ணோ அவ பிள்ளையோ ஒரு நாளைக்குத் தேடிக்கிட்டு வருவாங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். அப்போது அண்ணி, "பெரியவன் சதை இருக்கிற அந்தப் பெட்டியை ஒரு தடவை பாக்கலாங்களா?" என்று கேட்டார். டாக்டர் யாரிடமோ போய்ப் பேசிவிட்டு வந்து, உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

நீளமான அறை. ஆள் உயரப் பெட்டிகள் முனகிக்கொண்டு நின்றன. டாக்டர் கெட்டியான கையுறை போட்டு ஒன்றைத் திறந்தார். வெள்ளாவிப் பானையைத் திறந்ததுபோல் புகை வந்தது, ஆனால் முகத்தில் சில்லென்று அடித்தது. ஒரு தட்டை இழுத்துக் காட்டினார். பனி படிந்த சின்னச் சின்னக் குப்பிகள், விரல் கணு அளவு, வரிசை வரிசையாக. எல்லாம் ஒன்று போலவே இருந்தன.

மந்திரி அப்பாவின் இடுப்பில் உட்கார்ந்திருந்தான். "இதுல அண்ணன் எதுப்பா?" என்றான்.

அண்ணன் குனிந்து பார்த்தார். ஆயிரம் வெள்ளைத் துணிக்குள் ஒன்றைக் கண்ணால் எடுத்துவிடுகிற ஆள் அவர். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். டாக்டரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் நிமிர்ந்து, மகனின் காலைத் தடவினார்.

அண்ணிதான் அந்தத் தட்டைப் பார்த்து, "நல்லாத் தூங்குங்கப்பா" என்றார். எது தன் பிள்ளை என்று தெரியாததால் எல்லோரிடமும் சொன்னார்.

டாக்டர் சின்னவனின் குப்பியை எடுத்தார். அதில் எண் அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தது. வேறொரு தட்டில் வைக்கப் போனவரை அண்ணன் நிறுத்தினார்.

"இவனை அண்ணன் பக்கத்துல வெச்சுடுங்க டாக்டரம்மா."

"எது பக்கத்துலன்னு எனக்கும் தெரியாதேய்யா."

"எங்க வெச்சாலும் பக்கம்தானுங்களே. ஒரே பெட்டிக்குள்ளதானே இருக்காங்க."

டாக்டர் அந்தத் தட்டிலேயே ஒரு காலி இடத்தில் குப்பியை வைத்து, உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். நாங்கள் வெளியே வந்தோம். வாசலில் படிகள் இருந்தன. அண்ணன் தூக்கிக்கொண்டு இறங்கப் பார்த்தார், மந்திரி ஒத்துக்கொள்ளவில்லை. இறக்கிவிடச் சொல்லி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் தானே இறங்கினான். நாங்கள் மூவரும் அவனுக்குப் பின்னால் மெதுவாக இறங்கினோம்.